இடித்தது யார், காயம் யாருக்கு?

இடம்பெயர்ந்து வந்து பாலையூற்றிலும் அதை அண்டிய குடியிருப்புகளிலும் வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு ஓரிடம், வயல் வேறோரிடம். சொந்தக் காணிக்குப் போக முடியாதவர்கள் தம்பலகாமம் போன்ற இடங்களில் குத்தகைக்கு வயல் செய்கிறார்கள். ஆகவே வீதியும் எமது தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது. கண்டி வீதியில் வான்களுக்கும் லொறிகளுக்கும் நடுவே பசளை மூட்டையுடன் மெல்ல ஊர்ந்து போகும் லாண்ட்மாஸ்டரைக் காணாத நாளில்லை.

பெரிய விபத்து நடந்தால் ஊரே கூடும். இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது அதுவல்ல. பம்பர் நெளிந்து, ஒரு லைட் உடைந்து, இரு பகுதியாரும் எழுந்து நின்று வாக்குவாதப்படும் சின்ன மோதல். இதில் உயிர் போவதில்லை. ஆனால் ஒரு போகத்தின் விளைச்சல் முழுவதும் போய்விடக்கூடும்.

படிப்பதற்கு வசதியாக ஒரு சம்பவத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மாலை நேரம் லாண்ட்மாஸ்டரில் பெட்டி பூட்டி வருகிறார். வலப்பக்கம் உள்ள ஒழுங்கைக்குத் திரும்பக் கை காட்டுகிறார். பின்னால் வந்த கார் முந்திச் செல்ல முயன்று பெட்டியின் வலது மூலையில் இடிக்கிறது. காரின் முன்பக்கம் நெளிகிறது. எமது ஆள் கீழே விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொள்கிறார். காரில் வந்தவர், “பின் லைட் இல்லாமல் வந்தது நீ, திடீரெனத் திரும்பியது நீ” என்கிறார். கூட்டம் கூடுகிறது. யாரோ ஒருவர் கடதாசி ஒன்றை நீட்டி, “பிழை என்னுடையது, திருத்தச் செலவைத் தருவேன் என்று எழுதிக் கையெழுத்து வையுங்கோ, பொலிசுக்குப் போகத் தேவையில்லை” என்கிறார்.

இந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

வீதியில் நிற்கும்போது

பயத்தில் கையெழுத்து வைப்பது எம்மவரின் பழக்கம். பல ஆண்டுகளாகச் சோதனைச் சாவடிகளிலும் முகாம்களிலும் நீட்டிய கடதாசியிலெல்லாம் கையெழுத்திட்டு வாழ்ந்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆயினும் இந்தக் கடதாசி வேறு. பின்னர் வழக்கு வந்தால் அது உங்கள் வாயாலேயே சொன்ன ஒப்புதலாக நீதிமன்றத்தில் காட்டப்படும். காப்புறுதி ஒப்பந்தங்களில் வழமையாக உள்ள நிபந்தனை ஒன்றையும் கவனியுங்கள்: கம்பனியின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது. அதை மீறினால், உங்களைக் காப்பாற்ற வேண்டிய கம்பனியே கையை விரிக்க இடமுண்டு.

வாகனத்தை நிறுத்த வேண்டும், பெயர், விலாசம் கொடுக்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். இவை சாரதியின் கடமைகள். பிழையை ஒப்புக்கொள்வது அந்தக் கடமைகளில் ஒன்றல்ல. “காயம் ஏதும் இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குப் போவோமா?” என்று கேட்பது மனிதத்தன்மை. “என்னில்தான் பிழை” என்பது சட்ட முடிவு. அதைச் சொல்ல நீங்களும் ஆளல்ல, அவரும் ஆளல்ல.

வாகனங்களை ஓரங்கட்டுமுன் கையிலுள்ள தொலைபேசியால் படம் எடுங்கள். உடைந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதாது. தூரத்தில் நின்று, வீதியின் இரு ஓரமும், நடுக்கோடும், ஒழுங்கையின் வாயும், இரு வாகனமும் ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். சில்லுகள் நின்ற இடத்தைச் செங்கல் துண்டால் கீறி வையுங்கள். கண்ணாடித் துகள் கொட்டிக் கிடக்கும் இடமும் பிரேக் பிடித்த தடமும், மனிதர் மாற்றிப் பேசினாலும் மாற்றிப் பேசாத சாட்சிகள். மழை வந்தால் அவையும் போய்விடும். கண்டவர் இருவரின் பெயரையும் இலக்கத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் தேடினால் எவரும் எதையும் கண்டிருக்க மாட்டார்கள்.

பிழை எவரில்?

“பெரிய வாகனத்தில்தான் பிழை” என்று எம்மவர் சொல்வர். “பின்னால் இடித்தவனில்தான் பிழை” என்று கார்க்காரர் கூடச் சொல்வர். இரண்டும் சட்டமல்ல. ஒவ்வொருவரும் நியாயமான கவனத்துடன் ஓட்டினாரா என்பதே கேள்வி. பின்னால் வருபவர் இடைவெளி விட்டு வர வேண்டும், முந்துபவர் முன்னால் போகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்து முந்த வேண்டும். இது கார்க்காரர் பக்கத்துப் பாரம். வலப்பக்கம் திரும்புபவர் நேரத்தோடு சைகை காட்டிப் பின்னால் பார்த்துத் திரும்ப வேண்டும், இருட்டினால் பெட்டியின் பின்னால் சிவப்பு லைட் எரிய வேண்டும். இது எமது பக்கத்துப் பாரம். இந்த இரண்டாவது விடயத்தில் நாம் மனந்திறந்து சொல்ல வேண்டும்: எமது பெட்டிகளிற் பல இருட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒளி தெறிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றின் விலை ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்குச் சற்று மேல். அதை ஒட்டாமல் விட்டு நீதிமன்றத்தில் நியாயம் தேடுவது கடினம்.

இருவரிலும் பிழை இருந்தால்? முற்காலத்தில் கோரிக்கையாளரிடம் கொஞ்சம் பிழை இருந்தாலும் அவருக்கு ஒன்றுமே கிடைக்காமற் போகக்கூடிய நிலை இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதை மாற்றியது. இப்போது நீதிமன்றம் பிழையைப் பங்கிட்டு, கோரிக்கையாளரின் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கிறது. உதாரணமாகக் காருக்கு ஏற்பட்ட நட்டம் 1,00,000 ரூபா, பிழை கார்க்காரரில் 70 வீதம், எம்மில் 30 வீதம் என்று தீர்ந்தால், அவர் எம்மிடம் பெறக்கூடியது 30,000 ரூபா. எமக்கு 40,000 ரூபா நட்டம் என்றால் அவரிடம் நாம் பெறக்கூடியது 28,000 ரூபா. ஆகவே “லைட் இல்லைத்தானே, முழுவதும் என் பிழை” என்று தலை குனிந்து போக வேண்டியதில்லை. “என்னில் ஒரு பிழையும் இல்லை” என்று பிடிவாதம் பிடிப்பதும் வீண்.

பொலிஸ் நிலையத்தில்

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவது இன்றும் நடப்பதுதான். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அந்த மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், நீங்கள் திருத்தவோ சேர்க்கவோ இடம் தர வேண்டும். தமிழ், 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் அரசகரும மொழியுமாகும். மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்: “ஐயா, தமிழில் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ, பிறகு கையெழுத்து வைக்கிறன்.” நீங்கள் கை காட்டித் திரும்பினீர்கள் என்ற ஒரு வரி விடுபட்டால், பிறகு நீதிமன்றத்தில் அதைச் சொல்லும்போது “பொலிசில் இதைச் சொல்லவில்லையே” என்று குறுக்கு விசாரணையில் மடக்குவார்கள்.

அடுத்த பொறி நீதவான் நீதிமன்றத்தில் இருக்கிறது. கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு வந்தால், “குற்றவாளி என்று சொல்லித் தண்டப்பணத்தைக் கட்டிப்போட்டு வா, இல்லாவிட்டால் தவணை தவணையாக அலையவேண்டும்” என்று அனுபவசாலிகள் புத்தி சொல்வார்கள். நாற்று நடுகைக் காலத்தில் ஒரு நாள் கூலியை இழக்க விரும்பாதவர் இதற்கு இணங்குவது இயல்பே. ஆனால் அந்தத் தண்டப்பணத்தோடு காரியம் முடிவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டது, பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு வரும்போது உங்களுக்கு எதிரான ஒப்புதலாக நிற்கும். ஒப்புக்கொள்ளுமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். பணமில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

மூன்று கிழமைக்குப் பின் வந்த கழுத்துவலி

எமது கதையில் கார்க்காரர் அன்று தனக்கு ஒன்றுமில்லை என்றார். மூன்று கிழமை கழித்து, அருகில் இருந்த மனைவிக்குக் கழுத்து அசைக்க முடியவில்லை, 3,00,000 ரூபா தரவேண்டும் என்று கடிதம் வருகிறது. இது பொய்யா?

உடனே பொய் என்று சொல்லிவிட முடியாது. பின்னாலிருந்தோ முன்னாலிருந்தோ இடிபடும்போது தலை சொடுக்கி ஆடுவதால் கழுத்துத் தசைநார்கள் சுளுக்கிக்கொள்ளும். வலி சில மணி நேரம் கழித்தோ ஓரிரு நாள் கழித்தோ தொடங்குவது வழமை. எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். பெரும்பாலானோருக்குக் காலத்தோடு மாறிவிடும். வெளிப்படையாகக் காண முடியாத காயம் என்பதாலேயே இதைப் பெருப்பிப்பதும் இலகு. எமது உறவினர் பலர் வாழும் இங்கிலாந்தில் இத்தகைய கோரிக்கைகள் பெருகி, 2018இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2021 மே 31 முதல் கழுத்துச் சுளுக்குக்கு வலி நீடித்த காலத்தின்படி நிரந்தரத் தொகை வந்தது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சுளுக்குக்கு அப்போது வைத்த தொகை 240 பவுண். மருத்துவ அறிக்கை இல்லாமல் இதில் சமாதானப் பணம் பேசுவதும் தடுக்கப்பட்டது. எமது நாட்டில் அப்படியொரு அட்டவணை இல்லை. கோருபவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மருத்துவக் கேள்விகளே. முதன்முதல் எந்த நாளில் வைத்தியரிடம் போனார்? அந்த முதற் துண்டில் என்ன எழுதப்பட்டுள்ளது? பொலிஸ் தரும் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா? அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், அப்படியானால் இந்தப் பற்றுச்சீட்டுகள் எங்கிருந்து வந்தன? முன்பே கழுத்துவலிக்குக் கிளினிக் போனவரா? பழைய வலி முழுவதையும் இந்த மோதலின் கணக்கில் போட முடியாது. மோதலால் அது கூடியிருந்தால் கூடிய பங்கைக் கேட்பது நியாயம். இந்தக் கேள்விகளைச் சண்டையாக அல்ல, கடிதமாகக் கேட்க வேண்டும்.

மூன்றாந்தரப்புக் காப்புறுதி என்பது இதற்காகத்தான் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமாகவே. கடிதம் வந்த அன்றே அதைக் காப்புறுதிக் கம்பனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்குத் துண்டு வாங்குங்கள். தாலிக்கொடியை அடகு வைக்குமுன் இதைச் செய்யுங்கள். பெட்டியில் ஏற்றிச் செல்லும் கூலியாட்களுக்கும் அதே காப்புறுதி உண்டென்று நினைத்துவிடாமல், ஒப்பந்தத்தை ஒருவரைக்கொண்டு வாசிப்பித்துப் பாருங்கள்.

எமது காயம்

முழங்கை தேய்ந்தவரை நாம் மறந்துவிட்டோம், அவரும் தன்னை மறந்துவிட்டார். “இது என்ன காயம்” என்று மஞ்சள் பூசிக்கொண்டு வயலுக்குப் போனார். பத்து நாள் கழித்துத் தோள் தூக்க முடியவில்லை. வைத்தியசாலையில் அன்றே பதிவு இருந்திருந்தால் அவருக்கும் கோரிக்கை இருந்திருக்கும்.

சம்பளச் சீட்டு இல்லாத விவசாயி வருமான இழப்பை எப்படிக் காட்டுவது? உறுதி இல்லாக் குத்தகைக் காணியில், வேற்றூரில், இது இன்னும் கடினம். ஆனால் வழி உண்டு. எந்த வயலில் எத்தனை ஏக்கர் பெரும்போகம் செய்கிறார் என்று கமக்காரர் அமைப்பின் கடிதம், கமநல சேவை நிலையத்தில் உள்ள பசளைப் பதிவு, நெல் விற்ற துண்டு, தனக்குப் பதிலாக உழவுக்கும் மருந்தடிக்கவும் பிடித்த கூலியாளுக்குக் கொடுத்த பணத்துக்கு அவரிடம் வாங்கிய கையெழுத்து. இவற்றுட் கடைசியானது மிகப் பலமானது, ஏனெனில் அது உண்மையாகக் கையை விட்டுப் போன பணம். ஒரு கொப்பியில் நாள் போட்டு எழுதி வையுங்கள்.

தொகை சிறிதானால் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நீங்கள் ஒருவரையும் மறுபகுதியார் ஒருவரையும் தெரிய, அவ்விருவரும் தலைவரைத் தெரிவர். அங்கே சட்டத்தரணி வந்து பேசுவதில்லை, ஆகவே எம்மவருக்கு அது நல்ல இடம். இணங்கினால், எழுதும் தாளில் வாகனத்துக்கு மட்டுமா காயத்துக்கும் சேர்த்தா என்று தெளிவாக எழுதுவியுங்கள். வாகனச் செலவை வாங்கிக்கொண்டு “முழுமையான இறுதித் தீர்வு” என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டவர் பிறகு தோள்வலிக்குக் கேட்க முடியாது.

கடிதம் எந்த வீட்டுக்கு வரும்?

இது இடம்பெயர்ந்தோருக்கே உரிய சிக்கல். அடையாள அட்டையில் பழைய ஊர் விலாசம், வாகனப் பதிவில் இன்னொன்று, இருப்பது பாலையூற்றில். சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்புகிறது. அழைப்பாணையும் அப்படியே. நீங்கள் வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வருகிறது, ஒரு நாள் பிஸ்கால் லாண்ட்மாஸ்டரைக் கொண்டுபோக வருகிறார். ஒருதலைத் தீர்ப்பாணை உங்களிடம் கையளிக்கப்பட்டு 14 நாளுக்குள், வராமற் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் அதை நீக்கக் கேட்கலாம். பதினைந்தாம் நாள் போனால் கதவு அடைத்துவிடும். ஆகவே பொலிசில் வாக்குமூலம் கொடுக்கும்போதே இப்போது இருக்கும் விலாசத்தைச் சொல்லி எழுதுவியுங்கள், கிராம உத்தியோகத்தரிடமும் பதிந்து வையுங்கள். வீடு மாறினால் காப்புறுதிக் கம்பனிக்கும் மறுபகுதிச் சட்டத்தரணிக்கும் பதிவுத் தபாலில் அறிவித்து, தபால் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் வைத்த எல்லை இது. மறுவாகனத்தின் காப்புறுதிக் கம்பனியிடமிருந்து பணம் பெற வேண்டுமானால், வழக்குத் தொடுக்குமுன் அல்லது தொடுத்து ஏழு நாளுக்குள் அக்கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். கார்க்காரர் “அடுத்த மாதம் தாறன், அறுவடை முடியட்டும்” என்று தவணை சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அந்த இரண்டு ஆண்டு ஓடிக்கொண்டேயிருக்கிறது. விபத்து நடந்த திகதியைக் கொப்பியின் முதற்பக்கத்தில் பெரிதாக எழுதி, அதன் கீழே இரண்டு ஆண்டு முடியும் திகதியையும் இன்றே எழுதிவிடுங்கள்.