குரல்வளையை எடுத்தபின் சாப்பாடு இறங்கவில்லையா?



புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் அகற்றிய ஒருவர் வீடு திரும்பினால், அவர் இனி எப்படிப் பேசுவார் என்றே எல்லோரும் கவலைப்படுகிறோம். சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்பவர் குறைவு. அவரும் கஞ்சியோடு ஒதுங்கிக்கொள்கிறார். விருந்துகளுக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார்.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் தனித்தனியாகிவிடுகின்றன. மூச்சு கழுத்திலுள்ள துளை வழியாகவே செல்கிறது. ஆகவே, பொதுவாகப் புரையேறும் என்ற பயம் தேவையில்லை. ஆனால், தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால், பேசுவதற்காகப் பொருத்திய வால்வு கசிகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். கழுத்துத் தோல் வழியாக உணவோ உமிழ்நீரோ கசிந்தால் உள்தையல் விட்டிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

பிறகு ஏன் விழுங்குவது சிரமமாகிறது? குரல்வளை மேலெழும்பும்போது உணவுக்குழாயின் வாய் திறக்க உதவும். அந்த உதவி இப்போது இல்லை. நாக்குதான் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டும். தைத்த இடம் சுருங்கிப் பாதை குறுகலாம். கதிர்வீச்சு சிகிச்சையால் உமிழ்நீர் வற்றலாம், தசைகள் இறுகலாம்.

இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பேரியம் மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் தடை எங்கே என்று தெரியும். குறுகிய பாதையை மருத்துவர் விரித்துவிடலாம். சிலருக்கு இதைப் பலமுறை செய்ய நேரும். விழுங்கும் பயிற்சியை ஸ்பீச் தெரபிஸ்ட் கற்றுத் தருவார்.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு சிறு கவளமாக நன்கு மென்று சாப்பிடட்டும்.
2. சோற்றைக் குழைய வடித்து, ரசமோ குழம்போ தாராளமாக ஊற்றிக் கொடுங்கள்.
3. ஒவ்வொரு கவளத்துக்கும் இடையே ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள்.
4. வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

நேற்றுவரை இறங்கிய உணவு இன்று இறங்கவில்லை, எடை குறைகிறது, விழுங்கும்போது வலிக்கிறது, கழுத்தில் கட்டி தெரிகிறது என்றால், “ஆபரேஷன் செய்தால் அப்படித்தான்” என்று இருந்துவிடாதீர்கள். நோய் திரும்பியிருக்கிறதா என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

இவர்களை நலம் விசாரிக்கச் செல்லும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். “என்ன சாப்பிட முடிகிறது?” என்று கேட்டு, அவர் எழுதி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.