கூடாரத்தில் ஒரு சுவாச யந்திரம்

உறங்கும்போது மூச்சு நின்று நின்று ஓடும் நோய் ஒன்றுண்டு. வைத்தியர் அதனை ஸ்லீப் ஆப்னியா என்பர். இந்நோயுடையார் துயிலுங்கால் தொண்டைத் தசைகள் அளவுக்கு மிஞ்சித் தளர்ந்து, காற்றுச் செல்லும் வழியை அடைத்துவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றபின், இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை திடுக்கிட்டு விழித்து அவ்வழியைத் திறக்கின்றது. இங்ஙனம் ஒரு மணி நேரத்தில் முப்பது முறையும் அதற்கு மேலும் நிகழுமாயின் நோய் கடுமையானதென்று கொள்ளப்படும். நோயாளிக்கோ இவ்விழிப்புகள் பெரும்பாலும் காலையில் நினைவிராது. பகலெல்லாம் கண்ணைச் சுழற்றும் தூக்கமே அவர் அறிவது. இரவின் குறட்டையை உடனுறைவோர் அறிவர்.

இதற்குத் தக்க பரிகாரத்தை ஆஸ்திரேலியா தேசத்துச் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் வைத்தியரும் அவருடைய துணைவரும் கண்டு, 1981-ம் ஆண்டில் வெளியிட்டனர். மூக்கின்மேல் பொருந்திய கவசத்தின் வழியே சிறிது அழுத்தமுள்ள காற்றை இடைவிடாது செலுத்தினால், அக்காற்றே தொண்டையை உள்ளிருந்து தாங்கி நிற்கும் என்பது அவர் கண்ட உண்மை. சீபாப் என்று இன்று வழங்கும் யந்திரம் செய்வதும் இதுவே. இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று, ஊன்றுகோல் போல்வது. கோலை எடுத்துவிட்டால் முதலிரவிலேயே அடைப்பு மீளும்.

இங்கேதான் நம் நண்பர் சிலர் இடருறுகின்றனர். பழைய மாணவர் பலர் கூடிக் கொடைக்கானல் மலைக்குச் சென்று, கூடாரமடித்து மூன்றிரவு தங்குவதென்று ஏற்பாடாகின்றது என வைத்துக்கொள்வோம். சீபாப் அணிபவர், அங்கே மின்சாரம் இல்லையே என்று வராது நின்றுவிடுகிறார்; அல்லது, பிறர் நகைப்பரோ என நாணி யந்திரத்தை வீட்டில் விட்டு வருகிறார். பின்னது முன்னதினும் கொடிது. அவரே வண்டியோட்டுபவராயின், மூன்றிரவு துயில் கெட்ட ஒருவர் கையை நம்பியன்றோ வத்தலக்குண்டுப் பாதையின் வளைவுகளில் எல்லோரும் இறங்க வேண்டும்!

இவ்விரண்டும் வேண்டா. சிறிது பௌதிகமும் சில பெருக்கற் கணக்குகளும் போதும்.

முதலாவது, காற்றை அழுத்துவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்? பலருக்கு விதிக்கப்படும் அழுத்தம் 10 சென்டிமீட்டர் நீர்மட்டத்தை ஒட்டியது. அஃதாவது ஏறக்குறைய 980 பாஸ்கல். வெளிவிட்ட மூச்சு தங்காமைப் பொருட்டுக் கவசத்தில் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே நிமிஷத்துக்கு 35 லிட்டர் அளவிற் காற்று வெளியேறுகிறது எனக் கொள்வோம். அழுத்தத்தை ஒரு விநாடியில் ஓடும் கன அளவால் பெருக்கினால் கிடைப்பது 0.6 வாட்டுக்கும் குறைவே! விசிறியின் உராய்வு, மோட்டாரின் நஷ்டம், உள்ளிருக்கும் மின்சுற்றுகளின் தேவை யாவும் கூடி, யந்திரம் ஏறக்குறைய 10 வாட் இழுக்கிறது என்று கணக்கிடலாம். யந்திரத்துக்கு யந்திரம் இது வேறுபடும். உயர்ந்த அழுத்தம் வேண்டுவோர்க்கு மிகும். எட்டு மணி நேர உறக்கத்துக்கு 80 வாட்-மணி.

இனி, யந்திரத்தோடு இணைந்த நீர்த்தொட்டியைப் பார்ப்போம். காற்று வறண்டு மூக்கை வருத்தாதபடி, அதிலுள்ள நீரைச் சூடாக்கி ஈரமூட்டுகிறார்கள். ஓரிரவில் 250 கிராம் நீர், அஃதாவது ஒரு தம்ளர் நீர், ஆவியாகிறது என்போம். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2400 ஜூல் உஷ்ணம் செலவாகும் என்பதை மாணவர் அறிவர். ஆகவே மொத்தம் 6 லட்சம் ஜூல். 3600-ஆல் வகுத்தால் 167 வாட்-மணி. காற்றுக் குழாயையும் சூடாக்கினால் இன்னும் ஏறும். மூச்சுக்கு ஆவதைப் போல் இரு மடங்கு வெந்நீருக்குப் போகின்றது! இவ்வொரு கணக்கை அறியாமலே பலர் பெரும்பொருள் கொடுத்துப் பெரிய பாட்டரி வாங்குகின்றனர் என்பது என் எண்ணம். மலையில் தங்கும் சில இரவுகளுக்கு மட்டும் சூடேற்றியை நிறுத்திவிடலாம். மூக்கு வறண்டு மிகத் துன்புறுவோர் தம் வைத்தியரை முன்னரே கேட்டுக்கொள்க.

சூடின்றி மூன்றிரவுக்கு வேண்டுவது 240 வாட்-மணி. இதனை எதிற் சுமப்பது? 1859-ம் ஆண்டில் பிளாண்டே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கண்ட ஈயப் பாட்டரி விலை மலிந்தது. ஆயினும் அதைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடித்தால், தகடுகளில் ஈய சல்பேட் இறுகி அதன் ஆயுள் குன்றும். ஆதலின் 480 வாட்-மணி கொண்டதாக, 12 வோல்ட்டில் 40 ஆம்பியர்-மணி உள்ளதை எடுக்க வேண்டும். எடை 12 முதல் 15 கிலோகிராம். லிதியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரியோ ஐந்தில் நான்கு பங்கு வரை தாராளமாக வடிக்கத் தக்கது. அதில் 30 ஆம்பியர்-மணி உள்ளது 384 வாட்-மணி தரும். எடை ஏறக்குறைய 4 கிலோகிராமே. தோளிற் சுமப்பவர் எதைத் தேர்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு பெரிய லிதியம் பாட்டரியை ஆகாய விமானத்தில் பயணிகள் கொண்டுசெல்ல இயலாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டதைக் கைப்பையில் கொள்ளலாம். 160 வரை கம்பெனியின் அனுமதி வேண்டும். வெளிதேசத்திலிருந்து வரும் பழைய மாணவர் இதனை மனத்திற் கொள்க.

பாட்டரியை யந்திரத்தோடு இணைப்பதிலும் ஒரு நஷ்டம் மறைந்திருக்கிறது. வீட்டு வழக்கப்படி இன்வெர்ட்டரை இடையில் வைத்தால், 12 வோல்ட் நேர்மின்சாரம் முதலில் 230 வோல்ட் மாறுமின்சாரமாகின்றது. பின்பு யந்திரத்தின் சொந்த அடாப்டர் அதனை மீண்டும் 24 வோல்ட் நேர்மின்சாரமாக்குகின்றது. மேலே ஏறி அங்கே ஒன்றும் செய்யாமல் இறங்குவது போன்ற வேலை! ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு வெறும் உஷ்ணமாகக் கழியும். யந்திரத்துக்கென்றே செய்த நேர்மின் அடாப்டரை வாங்கினால் இவ்விழப்பு வெகுவாகக் குறையும். பாட்டரியின் அருகே பியூஸ் ஒன்று அவசியம். வண்டியின் சொந்தப் பாட்டரியை இதற்குப் பயன்படுத்தினால், காலையில் வண்டியைத் தள்ளுவதற்கு ஆள் தேட நேரிடலாம்.

கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டர் அளவு உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் சற்றுக் குறைவு. மெல்லிய காற்றில் அதே அழுத்தத்தைத் தர விசிறி விரைந்து சுழல வேண்டும். புதிய யந்திரங்கள் பெரும்பாலும் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். சக்தி மட்டும் சற்று மிகுதியாகச் செலவாகும். குளிரிற் பாட்டரியின் கொள்ளளவும் குறையுமாதலின், அதனைத் தரையில் கிடத்தாமல் துணியிற் சுற்றிக் கூடாரத்துள் வைப்பது நலம். மேலே கண்ட 384-க்கும் 240-க்கும் இடையிலுள்ள மிகுதி இவற்றிற்கே.

புறப்படுமுன் ஓரிரவு வீட்டிலேயே, சுவர் மின்சாரத்தைத் தொடாமல், பாட்டரியைக் கொண்டே உறங்கிப் பார்க்க வேண்டும். வாட்-மணியை அளந்து காட்டும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றை இடையில் மாட்டினால், என் 10 வாட் உங்கள் யந்திரத்துக்குப் பொருந்துமா என்பது காலையில் தெரிந்துவிடும்.

நள்ளிரவில் பாட்டரி ஓய்ந்தால், கவசத்தை உடனே கழற்றிவிடுக. யந்திரம் நின்றபின் அதனுள் பழைய மூச்சே சுழலும். எஞ்சிய இரவு மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு அடைப்பைக் குறைக்கும். மறுநாள் வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.