ரிசர்வ் வீரரின் பதக்கம்: தேதிகள் சொல்லும் தீர்ப்பு

அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் பிரிவுகளில் பணியாற்றி விலகியவர்களிடையே நேர்எதிரான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. போர்முனைக்குப் போகாதவருக்குப் பதக்கம் எதுவும் கிடையாது என்பது ஒன்று. சீருடை போட்ட எவருக்கும் குறைந்தது ஒரு பதக்கமாவது உண்டு, அது பதிவில் இல்லையென்றால் எழுத்தர் விட்டுவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. வீரச்செயலுக்கான விருதையும் சேவைப் பதக்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் இந்தத் தவறு பிறக்கிறது. வீர விருதை ஒரு மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், சாட்சிகள் வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அதில் மனிதத் தீர்ப்புக்கு இடம் உண்டு. சேவைப் பதக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட பிரிவில், குறிப்பிட்ட நிலையில் ஒருவர் இருந்தாரா என்ற ஒரே கேள்விதான். இருந்தார் என்றால் பதக்கம் அவருடையது. இல்லையென்றால் எத்தனை உருக்கமாக எழுதினாலும் கிடைக்காது. இதை முதலில் மனதில் இருத்திக்கொண்டால், பதிவைத் திருத்துவது பற்றிய மற்றக் குழப்பங்களில் பெரும்பாலானவை தானாகவே தெளிந்துவிடும்.

அதிகம் கேட்கப்படும் பதக்கத்தையே எடுத்துக்கொள்வோம். தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கத்தை 1953 ஏப்ரலில் அதிபர் ஐசனோவர் ஓர் ஆணை மூலம் உருவாக்கினார். அதற்கு நான்கு காலங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன: 1950 ஜூன் 27 முதல் 1954 ஜூலை 27 வரை, 1961 ஜனவரி 1 முதல் 1974 ஆகஸ்ட் 14 வரை, 1990 ஆகஸ்ட் 2 முதல் 1995 நவம்பர் 30 வரை, 2001 செப்டம்பர் 11 முதல் 2022 டிசம்பர் 31 வரை. கொரியா, வியட்நாம், வளைகுடா, பயங்கரவாத எதிர்ப்பு என்று நான்கு போர்க்காலங்கள் இவை. ஆனால் ரிசர்வ் வீரரைப் பொறுத்தவரை நான்கும் ஒன்றல்ல. முதல் இரண்டு காலங்களில் பயிற்சிக்காக மட்டும் குறுகிய காலம் அழைக்கப்பட்ட ரிசர்வ் வீரரும் தேசியக் காவல்படை வீரரும் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருந்தார்கள். 1960களில் ரிசர்வில் சேர்ந்த ஒருவர் சில மாதங்கள் தொடக்கப் பயிற்சி பெற்று, பிறகு ஆண்டுக்கணக்கில் வார இறுதிப் பயிற்சிகளுக்குப் போய், கோடைதோறும் முகாமுக்கும் போய்த் தன் கடமையை ஒழுங்காக முடித்திருக்கலாம். அப்படியும் அவருக்கு இந்தப் பதக்கம் இல்லை. அதே ஆண்டுகளில், 1968இல், சில ரிசர்வ் அலகுகள் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர்களுக்கு உண்டு. ஒரே ஊரில் ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவருக்குப் பதக்கம் இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவது இப்படித்தான்.

1990க்குப் பிறகு விதி மாறியது. 1991 அக்டோபரில் மூத்த புஷ் பிறப்பித்த ஆணை, செலெக்டட் ரிசர்வ் எனப்படும் பிரிவில், அதாவது ஓர் அலகில் சேர்க்கப்பட்டுத் தவறாமல் பயிற்சிக்கு வருபவர்களில், நல்ல நிலையில் இருந்த அனைவரையும் உள்ளே கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் அடுத்த காலத்துக்கும் இதே வழி திறக்கப்பட்டது. வளைகுடாவையே பார்க்காமல், அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு பயிற்சிக் கூடத்தில் வண்டிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவருக்கும் பதக்கம் கிடைப்பது இதனால்தான். போர்முனை நம்பிக்கை இங்கே உடைகிறது. ஆனாலும் எல்லை உண்டு: பயிற்சிக் கடமை இல்லாமல் அழைப்புக்காகப் பெயர் மட்டும் வைத்திருக்கும் தனிநபர் ரிசர்வ் பட்டியலில் இருந்தது போதாது, பணிக்கு அழைக்கப்பட்டிருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் பயிற்சிகளைத் தவறவிட்டவர் நல்ல நிலையில் இருந்ததாகக் கருதப்படமாட்டார். தமிழ் வாசகர்களில் சிலருக்கு இது நேரடியாகவே பொருந்தும். 2008 இறுதியில் அறிவிக்கப்பட்டு 2016இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டம், நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காக ராணுவத்தில் சேர்த்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியில் சேர்ந்து ரிசர்வ் அலகில் ஒழுங்காகப் பணியாற்றியவர் நான்காவது காலத்துக்குள் வருகிறார்.

பதிவில் பதக்கம் விடுபடுவது எழுத்தரின் சோம்பலால்தான் என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியதே. சோம்பலும் உண்டுதான். ஆனால் பெரிய காரணம் வேறு: விதிகள் வீரர்களுக்குப் பின்னால் வந்தன. 1990 ஆகஸ்டுக்கும் 1991 அக்டோபருக்கும் இடையில் ரிசர்விலிருந்து விலகியவருக்கு, விலகிய நாளில் அந்தப் பதக்கம் இல்லவே இல்லை. அவருடைய தாள்களை எழுதியவர் சரியாகத்தான் எழுதினார். பிறகு வந்த ஆணை முந்தைய தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது, தாளோ பழையபடியே நின்றுவிட்டது. பயங்கரவாத எதிர்ப்புப் போர்ச் சேவைப் பதக்கமும் இப்படியே. 2003 மார்ச்சில் உருவாக்கப்பட்ட அது 2001 செப்டம்பர் 11 வரை பின்னோக்கிச் செல்கிறது. விமான நிலையங்களைக் காக்க அழைக்கப்பட்டு 2002இல் வீடு திரும்பியவரின் தாளில் அது எப்படி இருக்கும்? கொரியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கத்துக்கு 2002இல்தான் சட்டம் வந்தது. அதன் தகுதிக் காலமோ 1954 ஜூலை 28இல் தொடங்குகிறது. அரை நூற்றாண்டு இடைவெளியில் முதுமையடைந்தவர்களை அரசு தேடிப்போய்த் தாள்களைத் திருத்தவில்லை. என் பார்வையில் இந்த விவகாரத்தின் உண்மையான குறை இதுதான். பின்தேதியிட்டு உரிமை வழங்கும் அரசு, அந்த உரிமையைப் பதிவேற்றும் வேலையை மட்டும் உரிமையாளர் தலையில் கட்டியிருக்கிறது.

அடுத்த நம்பிக்கை டிடி 214 என்ற படிவத்தைப் பற்றியது. 1950 முதல் வழக்கத்தில் இருக்கும் இந்த விடுவிப்புத் தாளைத்தான் ஒருவரது முழுப் பணி வரலாறாகப் பலரும் கொள்கிறார்கள். நம்மூர் அரசு ஊழியரின் பணிப் பதிவேட்டைப் போல, சேர்ந்த நாள் முதல் ஓய்வு நாள் வரை எல்லாமே அதில் பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டே வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிடி 214 ஒரு குறிப்பிட்ட முழுநேரப் பணிக்காலத்தின் முடிவில் எழுதி மூடப்படும் தாள். ரிசர்வ் வீரருக்குப் பொதுவாக 90 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியில் இருந்தால்தான் அது வழங்கப்படும். 1988இல் தொடக்கப் பயிற்சி முடித்துத் தாள் பெற்று, அதன்பின் 1992 வரை வார இறுதிப் பயிற்சிக்கு மட்டும் போனவர் வளைகுடாக் காலப் பதக்கத்துக்குத் தகுதி உடையவர்தான். ஆனால் 1988இல் மூடப்பட்ட தாளில் 1990இன் பதக்கத்தை ஏற்றச் சொல்லி அவர் விண்ணப்பித்தால் மறுக்கப்படும், மறுப்பும் முறையானதே. அந்தப் பதக்கம் ஏற வேண்டிய இடம் அவருடைய பணியாளர் கோப்பு. தேசியக் காவல்படை வீரராக இருந்தால், என்ஜிபி 22 என்ற அதன் தனி விடுவிப்புத் தாள். தகுதி இருந்தும் பலர் வெறுங்கையோடு திரும்புவது தவறான தாளைத் திருத்தக் கேட்பதால்தான்.

1973 தீ விபத்தில் எல்லாம் போய்விட்டது, இனி நிரூபிக்க ஒன்றும் இல்லை என்று ஒதுங்குபவர்களும் உண்டு. அந்த ஆண்டு ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்து, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. நகல் கிடையாது, அட்டவணையும் கிடையாது. பேரிழப்புதான். ஆனால் எரிந்தவை எவை என்பது தெரியும்: 1912 நவம்பர் முதல் 1959 முடிவு வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம், 1947 செப்டம்பர் முதல் 1963 முடிவு வரை விலகிய விமானப்படையினரில், அகர வரிசையில் ஒரு குறிப்பிட்ட பெயருக்குப் பின்னால் வந்தவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம். கடற்படைக் கோப்புகள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. வளைகுடாக் காலத்து ரிசர்வ் வீரருக்கு இந்தத் தீ ஒரு காரணமே ஆகாது. எரிந்த காலத்தவருக்கும் இறுதிச் சம்பளப் பட்டி, அலகின் நாள் அறிக்கை, முன்னாள் படைவீரர் துறையின் கோப்பு ஆகியவற்றிலிருந்து பணிக்காலத்தை மீட்டெடுக்கும் வழக்கம் அந்த மையத்துக்கு உண்டு.

வழக்கறிஞர் வேண்டும், நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடிக்க வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒருகாலத்தில் இதில் உண்மை இருந்தது. ஒரு தனி வீரரின் பதிவைத் திருத்த அமெரிக்க நாடாளுமன்றம் தனிநபர் மசோதா நிறைவேற்ற வேண்டிய நிலை இருந்தது. 1946இன் சட்டம் அந்த மசோதாக்களைத் தடைசெய்து, குடிமை அதிகாரிகளைக் கொண்ட திருத்த வாரியங்களுக்கு வழி வகுத்தது. இன்று வாரியத்துக்குப் போக டிடி 149 என்ற படிவம் போதும். கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. வீரர் இறந்துவிட்டால் துணைவரோ வாரிசோ விண்ணப்பிக்கலாம். ஆனால் சேவைப் பதக்கத்துக்குப் பெரும்பாலும் வாரியமே தேவையில்லை. தகுதி பதிவிலேயே தெரிந்தால் அந்தந்தப் படையின் பணியாளர் அலுவலகமோ ஆவண மையமோ டிடி 215 என்ற திருத்தத் தாளை வெளியிட்டு முடித்துவிடலாம். அந்த வழியை முயலாமல் நேராக வாரியத்துக்குப் போனால், முதலில் அங்கே கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்று ஆண்டுக் கெடு முடிந்ததென்று மனம் தளர்பவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. பிழையைக் கண்டறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிழை நேர்ந்த நாளிலிருந்து அல்ல. நீதியின் பொருட்டு அந்தத் தாமதத்தையும் மன்னிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு அதே சட்டத்தில் இருக்கிறது. பதிவே தகுதியைக் காட்டும் ஒரு விண்ணப்பத்தைத் தாமதத்தை மட்டும் சொல்லித் தள்ளுவதற்கு நியாயம் மிகக் குறைவு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது வலுவானதும்கூட. அரசுப் பதிவுகள் முறையாகவே எழுதப்பட்டவை என்ற அனுமானத்தோடு வாரியம் தொடங்குகிறது. பிழை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. வாரியம் புலனாய்வு செய்யாது. காகிதங்களைக் கையில் வைத்திருப்பது ராணுவம், நிரூபிக்க வேண்டியது வீரரா? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். காயம், நோய், அநீதியான வெளியேற்றம் போன்றவற்றில் இந்த அனுமானம் மிகக் கடுமையாகவே விழுகிறது. சேவைப் பதக்கத்தில் மட்டும் சுமை அவ்வளவு பெரியதல்ல, ஏனெனில் நிரூபிக்க வேண்டியது தேதியும் நிலையும்தான். ரிசர்வ் வீரரின் ஒவ்வொரு பயிற்சி நாளும் ஓய்வூதியப் புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறது. அந்தப் புள்ளி அறிக்கையை வாங்கிப் பார்த்தால் எந்த ஆண்டில், எந்தப் பிரிவில், எத்தனை பயிற்சிக்கு வந்தார் என்பது வரிசையாகத் தெரியும். நியமன ஆணை, இடமாற்ற ஆணை, சம்பளச் சீட்டு ஆகியவை அதற்குத் துணை. தோழர்களின் பத்து வாக்குமூலங்களைவிட இந்த ஒரு அறிக்கைக்கு எடை அதிகம்.

எல்லோருக்கும் கிடைக்கும் பதக்கத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களும் உண்டு. படைக்குள்ளேயே இதைக் கேலியாகப் பேசுவார்கள். பணப் பலன் என்று பார்த்தால், தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம் ஓய்வூதியத்தை உயர்த்தாது, மருத்துவ உரிமையைத் தராது, கூட்டாட்சி அரசு வேலையில் தனியாக முன்னுரிமையும் தராது. அந்த முன்னுரிமையில் போர்த்தொடர்ப் பதக்கங்களுக்குத்தான் இடம் உண்டு. இதைத் தெரிந்துகொண்டே கேட்பது நல்லது. ஆனால் பலன் இல்லாத பதிவு பிழையாகவே கிடக்கலாம் என்ற வாதத்தை ஏற்க முடியாது. ஒருவர் எங்கே, எப்போது, எந்த நிலையில் நாட்டுக்குக் கட்டுப்பட்டிருந்தார் என்பதற்கு அரசு தரும் சான்று அது. திருத்தத்தை எளிதாக்கினால் பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்ற அச்சத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: தேதியைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதைப் பொய்யாகக் கோருவது கடினம், டிடி 149இல் தெரிந்தே பொய் சொல்வது குற்றமும்கூட.

ஒருமுறை மறுக்கப்பட்டால் அதோடு முடிந்தது என்பதும் உண்மையல்ல. முன்பு வாரியத்தின் பார்வைக்கு வராத ஆவணம் இருந்தால், எத்தனை ஆண்டு கழித்துக் கேட்டாலும் மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இப்போது கட்டாயப்படுத்துகிறது. ஆகவே மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பணிக்காலம் நான்கு காலங்களுக்கும் வெளியே என்றோ, 1960களின் பயிற்சிப் பணி மட்டுமே என்றோ எழுதியிருந்தால் புதிய காகிதம் எதுவும் உதவாது. அந்தப் பதக்கம் அவருக்கு வகுக்கப்படவில்லை. செலெக்டட் ரிசர்வில் இருந்ததற்குச் சான்று இல்லை என்று எழுதியிருந்தால், அடுத்து செய்ய வேண்டியது புள்ளி அறிக்கைக்கு எழுதிப் போடுவதுதான்.