எந்த நிறத்தில் எவ்வளவு வெளிச்சம்?

கேள்வி: எல்.ஈ.டி. பல்பும் வெயிலும் வெள்ளையாகத்தான் தெரிகின்றன. அவற்றில் எந்த நிறம் எவ்வளவு என்று அளக்க முடியுமா?
– வாசகர், பொம்மிடி

பதில்: முடியும். கடைகளில் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் இதற்கு உதவாது. மனிதக் கண்ணைப் போலவே அதுவும் 555 நானோமீட்டர் பச்சைக்கு அதிக மதிப்புக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடும்.

வேண்டியது நிறமாலைமானி. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் இந்த வேலை நடக்கிறது. அது திரட்டும் விண்மீன் ஒளி ஒளியிழை வழியே நிறமாலைமானிக்குள் போகிறது. நுண்கோடுகள் கீறிய தட்டு அந்த ஒளியை அலைநீள வாரியாகப் பிரிக்க, சி.சி.டி. சில்லு ஒவ்வொரு பகுதியின் செறிவையும் பதிவு செய்கிறது.

சிக்கல் இனிமேல்தான். சில்லுக்கு எல்லா நிறமும் ஒன்றல்ல. நீலத்தையும் சிவப்பையும் ஒரே அளவில் உணராது. ஆற்றல் முன்பே தெரிந்த விண்மீனையோ விளக்கையோ அதே கருவியில் அளந்து, ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத வரைபடம் பாதிப் பொய்!

வாசகரின் பல்பை அளந்தால் 450 நானோமீட்டர் அருகே நீலக் கூம்பு, 480 பக்கம் பள்ளம், பிறகு மஞ்சளில் அகன்ற மேடு. வெயிலில் அந்தப் பள்ளம் இராது.