டி டிரைவில் இருந்தால் பத்திரமா?

"முக்கியமான ஃபைலையெல்லாம் டி டிரைவில் போட்டு வச்சிருக்கேன். எனக்கென்னப்பா கவலை!"

ஹாஸ்டலிலும் லேபிலும் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. நண்பர்களே, இந்த நம்பிக்கை பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்று பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருக்கும் இறுதியாண்டு நண்பர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிக்கவும்.

பார்ட்டிஷன் என்றால் என்ன?

ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பி அறைகள் பிரிக்கிறோம் அல்லவா? அதுபோல ஒரே டிஸ்கைப் பல பகுதிகளாகப் பிரிப்பதுதான் பார்ட்டிஷன். எந்த அறை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற கணக்கு, டிஸ்கின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையாக இருக்கும்.

1983-இல் பி.சி. டாஸ் 2.0-வோடு வந்த முறை எம்.பி.ஆர். இதில் முதல் செக்டாரின் 512 பைட்டில் 446 பைட் பூட் புரோகிராமுக்கு, 64 பைட் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. ஒரு பார்ட்டிஷனைப் பற்றி எழுத 16 பைட் வேண்டும். 64-ஐ 16-ஆல் வகுத்தால் 4. பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் முடியாது என்பதன் ரகசியம் இவ்வளவுதான். வைவாவில் கேட்டால் தைரியமாகச் சொல்லலாம்! இதில் செக்டார் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே என்பதால் சுமார் 2 டி.பி.க்கு மேல் போகவும் வழியில்லை.

இதற்கு அடுத்து வந்த ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கிறது. அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும்.

உங்கள் டிஸ்கில் யார் யார் குடியிருக்கிறார்கள்?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள லேப்டாப்பில் பொதுவாக இவை இருக்கும்:

1. இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன்: 100 எம்.பி. அல்லது சற்று அதிகம். கம்ப்யூட்டர் பூட் ஆவதே இதனால்தான்.
2. எம்.எஸ்.ஆர்.: 16 எம்.பி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கண்ணுக்குத் தெரியாது.
3. சி டிரைவ்: விண்டோஸும் நம் புரோகிராம்களும்.
4. ரெக்கவரி பார்ட்டிஷன்: சில நூறு எம்.பி.யிலிருந்து 1 ஜி.பி. வரை. சில லேப்டாப்களில், கம்பெனி தந்த நிலைக்கே திரும்புவதற்காகப் பல ஜி.பி. அளவில் இன்னொன்றும் இருக்கும்.

"சும்மாதானே கிடக்கு, ரெக்கவரியை டெலிட் பண்ணிடலாமா?" என்று கேட்கிறீர்களா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடும்! விண்டோஸ் அடுத்தடுத்து பூட் ஆகாமல் நின்றால் ஸ்டார்ட்அப் ரிப்பேர், ரீசெட் போன்ற வசதிகளோடு கைகொடுப்பது இந்தச் சின்ன அறைதான். 2024 ஜனவரியில் கே.பி.5034441 என்ற அப்டேட், இந்தப் பார்ட்டிஷனில் போதிய இடமில்லாத விண்டோஸ் 10 கணிப்பொறிகளில் ஏறாமல் நின்றது. அதை 250 எம்.பி. பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டே வழிமுறை தந்தது.

உங்கள் ரெக்கவரி விழித்திருக்கிறதா என்று அறிய, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' என்று அடியுங்கள். (ரீ, ஏஜென்ட், சி மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்.) 'எனேபிள்ட்' என்று வந்தால் சரி.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. டி டிரைவை நீக்கிய பிறகும் சி டிரைவில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கும். காரணம், காலி இடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் ரெக்கவரி உட்கார்ந்திருந்தால் வழி அடைபட்டுவிடும்.

எந்தப் பாதி தவறு?

விண்டோஸ் கெட்டுப்போய், சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து மீண்டும் ஏற்றினால் டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பாதி சரி.

ஆனால் டிஸ்கே போய்விட்டால்? விடுமுறையில் நான் வேலை பழகிய ஒரு சர்வீஸ் கடைக்கு டியூஷன் ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "சி போனா போகட்டும் தம்பி, எல்லாம் டி-யில இருக்கு. பேக்கப்னே ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருக்கேன்" என்றார். பயாஸில் டிஸ்கே தெரியவில்லை. ஏழெட்டு வருஷமாக அவர் டைப் செய்து சேர்த்த வினாத்தாள்கள் அத்தனையும் அதில்தான். வேறெங்கும் நகல் இல்லை. கடைக்காரர் கையை விரித்ததும் அவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சி, டி இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். வீடு இடிந்தால் எந்த அறையில் இருந்தாலும் ஒன்றுதான். ரெக்கவரி பார்ட்டிஷனும் அதே வீட்டில்தான் இருக்கிறது. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது மாதிரி! அதுவும் அது மீட்பது விண்டோஸைத்தான். டிஸ்கோடு போன உங்கள் ரிப்போர்ட்டை அல்ல.

என்ன செய்யலாம்?

1. விண்டோஸில் உள்ள 'கிரியேட் எ ரெக்கவரி டிரைவ்' மூலம் பென் டிரைவில் ஒன்று தயார் செய்யுங்கள். 32 ஜி.பி. இருந்தால் நல்லது. அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். காலி பென் டிரைவாகப் பாருங்கள்.

2. ஃபைல்களின் நகல் டிஸ்குக்கு வெளியே இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று பென் டிரைவ், இன்னொன்று கூகுள் டிரைவ் போன்ற ஆன்லைன் சேமிப்பு.

3. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப்புக்குள் மட்டும் வைத்தால் மறுபடியும் அதே பீரோ கதைதான்.

4. பார்ட்டிஷனில் கைவைக்கும் முன் நகல் எடுத்தாயிற்றா, சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். 'டிஸ்க்பார்ட்'டில் 'கிளீன்' என்று அடித்தால் அந்த டிஸ்கின் எல்லாப் பார்ட்டிஷனும் ஒரு நொடியில் போய்விடும். எந்த டிஸ்க் செலக்ட் ஆகியிருக்கிறது என்று இருமுறை பாருங்கள்.

5. பார்ட்டிஷன் தவறி அழிந்தால் பதற வேண்டாம். ஃபார்மட் செய்யாதீர்கள், எதையும் புதிதாக எழுதாதீர்கள். பெரும்பாலும் அட்டவணையில் உள்ள வரிதான் போயிருக்கும், சரக்கு உள்ளேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் தேடித் தரக்கூடும். எஸ்.எஸ்.டி.யில் மட்டும் டிரிம் வசதி அழித்த இடத்தைத் துடைத்துவிடுவதால் வாய்ப்பு குறைவு.

நண்பர்களே, ஆறு மாத உழைப்பான நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சில எம்.பி.தான் இருக்கும். மேஜை டிராயரில் தூங்கும் பழைய பென் டிரைவே அதற்குப் போதும். இந்தப் பக்கத்தைத் திருப்புமுன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். எக்ஸ்டர்னல் வரும் நாளில் நிம்மதியாக இருக்கலாம். வாழ்த்துகள்!

— இறுதியாண்டு மாணவன், கணிப்பொறித் துறை