முதுமையிலும் என்பைக் காப்போம்

மானிட உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றியவர் திருமூல நாயனார். அந்த ஆலயத்தைத் தாங்கும் தூண்களே என்புகள். மரத்தூணைக் கறையான் உள்ளிருந்து அரிப்பது வெளியே தெரிவதில்லை. அதுபோல வயது செல்லச் செல்ல என்பும் ஓசையின்றி மெலிந்து நொய்ந்து போகின்றது. இதுவே என்பு நலிவு நோய். வைத்தியர்கள் இதனை ‘ஒஸ்ரியோபொரோசிஸ்’ என்பர்.

என்பு உயிருள்ளது. பழைய என்பு கரைவதும் புதியது உருவாவதும் வாழ்நாள் முழுவதும் நடைபெறுகின்றன. ஏறக்குறைய 30 வயது வரை வரவு மிகுதி. பின்னர் மெல்ல மெல்லச் செலவு மிஞ்சுகின்றது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ரஜன் ஹோர்மோன் குறைவதால் இவ்விழப்பு விரைவுபடுகின்றது. உலகளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவரும், ஆண்களில் ஐவரில் ஒருவரும் இதனால் என்பு முறிவுக்கு ஆளாகின்றனர்.

முழங்கால் வலியை இந்நோயெனப் பலர் கருதுவர். அது மூட்டுத் தேய்வு, வேறு நோய். என்பு நலிவுக்கு வலி கிடையாது. சிறு விழுகையில் மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதுதான் பெரும்பாலும் தெரிய வருகின்றது. கூன் விழுவதும் உயரம் குறைவதும் முதுமையின் இயல்பென விட்டுவிடத் தக்கவையல்ல. அவை முள்ளந்தண்டு என்பு நசிந்ததன் அறிகுறியாகலாம்.

யார் கவனமாயிருக்க வேண்டும்?

45 வயதிற்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், மெலிந்த உடலினர், பெற்றோருக்கு இடுப்பு முறிவு ஏற்பட்டவர்கள், புகைத்தல், மது ஆகிய பழக்கமுடையோர், தொய்வு முதலிய நோய்களுக்கு நெடுநாள் ஸ்ரெரொயிட் மாத்திரை எடுப்போர் ஆகியோர் வைத்தியரிடம் ஆலோசனை பெறுதல் நன்று. என்பின் செறிவை அளக்கும் பரிசோதனையும், வாரமொருமுறை எடுக்கும் மாத்திரை முதலிய மருந்துகளும் இன்று உண்டு.

உணவும் உழைப்பும்

50 வயதைக் கடந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. 200 மில்லிலீற்றர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உண்டு. தேநீரில் விடும் சிறிது பால் இதற்குப் போதாது. தயிர், மோர், குரக்கன், எள்ளு, முருங்கையிலை ஆகியவற்றை அடிக்கடி சேர்த்தல் வேண்டும். பயறு, கடலை, உழுந்து புரதம் தரும். கல்சியம் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்ணுதல் ஆகாது.

கல்சியம் உடலிற் சேர விற்றமின் டி வேண்டும். அதனைத் தருவது சூரிய ஒளி. முற்றத்து வேலையின்போது கை, கால்களில் சிறிது நேரம் வெயில் படுதல் நலம். உடல் நிறையைக் கால்கள் தாங்கும் பயிற்சியே என்பை உறுதியாக்கும். நாள்தோறும் ஆலய வீதியை வலம் வருவது பக்திக்குப் பக்தி, பயிற்சிக்குப் பயிற்சி.

விழாதிருத்தல்

நொய்ந்த என்பு முறிவது பெரும்பாலும் விழும்போதுதான். கிணற்றடிப் பாசி, கேணிப்படி, அபிஷேக நீரும் எண்ணெயும் சிந்திய தரை, இருளில் பூப்பறிக்கச் செல்லுதல் யாவும் ஆபத்தானவை. நீரிழிவு, இரத்த அழுத்தத்திற்கு மருந்தெடுப்போர் கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். உணவின்றி மருந்தெடுத்து மயங்கி விழுந்தோர் உளர். ஆலயத்தில் முதியோரின் கைபிடித்துப் படியேற்றிவிடுவது இளைஞர்க்குரிய தொண்டாகும்.

முதியவர் விழுந்து எழ முடியாதிருந்தால் எண்ணெய் பூசித் தேய்ப்பதோ, காலை இழுத்துப் பார்ப்பதோ கூடாது. காலை அசையாமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இடுப்பு முறிவோடு நாட்கணக்கிற் படுக்கையிற் கிடந்தால் படுக்கைப் புண், நியுமோனியா, இரத்தக் கட்டி என்பன உயிருக்கே உலை வைக்கும். காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை பெற்றவர்களுள் பலர் மீண்டும் நடக்கின்றனர்.

பிள்ளைகளின் என்பு இன்று பாலாலும் விளையாட்டாலும் உரம் பெறட்டும். பெரியோரின் என்பு பேணிக் காக்கப்படட்டும். முதுமையிலும் தம் காலால் நடந்துவந்து தேர் தரிசிக்கும் பேற்றை அடியார் அனைவருக்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.