எஞ்சினே ஒரு வானொலி நிலையம்: பெட்ரோல் மாதிரி விமானத்துக்கு எந்த ரிசீவர்?

பழைய ஏஎம் வானொலியில் பாட்டுக் கேட்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் போனால் சில வேளை 'கரகர' என்று இரைச்சல் புகும். காரணம் ஸ்பார்க் பிளக். அதில் பல ஆயிரம் வோல்ட்டில் பொறி தெறிக்கும்போதெல்லாம் மின்காந்த அலைகள் நாலாபுறமும் பரவுகின்றன. 1887 வாக்கில் ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் வானலைகளை உண்டாக்கிக் காட்டியதும் மின்பொறியைக் கொண்டுதான்.

அதே பொறி, 8 கிலோ எடையுள்ள மாதிரி விமானத்துக்குள் இருந்தால்? (அமெரிக்கர்கள் 'கேஸ்' எஞ்சின் என்பது பெட்ரோல் எஞ்சினை; சமையல் வாயுவை அல்ல.) உங்கள் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் 400 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கோ ரிசீவரிலிருந்து ஒரு மீட்டருக்குள். காதருகே ஒருவர் கத்த, திடலின் மறுகோடியில் இருப்பவர் சொல்வதைக் கேட்கும் வேலை ரிசீவருடையது. அது தவறாகக் கேட்டால், சுழலும் புரொப்பெல்லரோடு 8 கிலோ கீழே வரும்.

முன்பு 35 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் இருந்தன. பொறியின் இரைச்சல் அந்த அலைவரிசையில் வலுவானது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸில் அது பெரிதும் தேய்ந்துவிடும். தவிர, ரிசீவர் தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளக் குறியீடு உள்ள கட்டளைகளை மட்டுமே ஏற்கும். எனவே புதிதாக வாங்குபவருக்கு 2.4 தான். ஆனால் பெட்டியில் அச்சிட்ட தூரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ஆன்டெனாவைப் பாருங்கள். v = fλ படி அலைநீளம் 12.5 செ.மீ.; அதில் கால் பங்கு சுமார் 3.1 செ.மீ. ஆன்டெனாவின் நுனியில் உறை நீக்கிய பகுதி அவ்வளவுதான். அந்த நுனி டிரான்ஸ்மிட்டரை நேராகக் குறிபார்த்து நின்றால் சமிக்ஞை மிகவும் குறையும். ஆகவே இரண்டு ஆன்டெனாக்கள் உள்ள ரிசீவரே மேல். அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்த வேண்டும். கார்பன் இழையும் உலோகமும் அலையை மறைக்கும் என்பதால், பெரிய விமானங்களில் தள்ளி ஒரு துணை ரிசீவரும் வைப்பார்கள்.

சமிக்ஞை நன்றாக இருந்தும் விமானம் விழுவதுண்டு. அங்கே குற்றவாளி பெரும்பாலும் மின்கலம். V = E − Ir நினைவிருக்கிறதா? 6 வோல்ட் மின்கலம், கம்பிகளையும் சேர்த்து 0.3 ஓம் அகத்தடை என்று கொள்வோம். குட்டிக்கரணம் அடிக்கும்போது செர்வோக்கள் எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர் இழுத்தால், 2.4 வோல்ட் இழப்பு. ரிசீவருக்கு எஞ்சுவது 3.6 தான்! சுமார் 3.5 வோல்ட்டிலேயே நின்றுபோய், மீண்டும் தொடங்க நேரம் எடுக்கும் ரிசீவர்கள் இருந்திருக்கின்றன. ஆகவே குறைந்த மின்னழுத்தத்திலும் இயங்கும் ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள். இக்னிஷனுக்குத் தனி மின்கலம் வையுங்கள். இரண்டின் கம்பிகளும் கூடிய மட்டும் விலகி இருக்கட்டும்.

ஃபெயில்சேஃப் வசதி கட்டாயம். தொடர்பு அறுந்தால் எஞ்சின் வேகத்தைத் தானாகவே குறைக்கும் ஏற்பாடு அது. ஆனால் அதை நீங்கள்தான் அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு சோதனை, பெரியவர் ஒருவரின் துணையோடு. விமானத்தை நன்றாகக் கட்டிவைத்து, டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த ஆற்றல் நிலையில் வைத்து, தயாரிப்பாளர் சொல்லும் தூரத்துக்கு, ஏறக்குறைய 30 எட்டுகள், நடந்து செல்லுங்கள். செர்வோக்கள் சரியாக அசைகின்றனவா? இப்போது எஞ்சினை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். மாறியது ஒன்றே ஒன்று: எஞ்சின். எஞ்சின் ஓடும்போது மட்டும் செர்வோ நடுங்கினால், புது ரிசீவர் வாங்க ஓடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கின் மூடி தளர்ந்திருக்கிறதா, அதன் கம்பியைச் சுற்றிய உலோகப் பின்னல் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.